என் வாயால் நடந்த சண்டை

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் மகளை அழைத்துப்போக வந்த என் முன்னாள் கணவர், எதிரில் நின்ற என்னைப் பார்க்காமலே அவளிடம், "அடுத்த வாரம் வர முடியாதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

எட்டு வயதில் நானும் இப்படித்தான் நின்றேன். வறுத்த முந்திரி மணக்கும் கடை வாசலில் பிரிந்து வாழ்ந்த அம்மாவிடம் என்னைத் திருப்பி விட வந்த அப்பா, "வரும்போதே காய்ச்சல்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். மூன்றடி தள்ளி நின்ற அம்மா, "அங்க போய்த்தான் வந்துச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள். நடுங்கிக்கொண்டே இரண்டையும் சொன்னேன். ஒருவர்கூட என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

"எங்கிட்டயே சொல்லுங்க. புள்ளைய நடுவுல நிக்க வைக்காதீங்க. நானும் வைக்க மாட்டேன்" என்றேன்.

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "அடுத்த வாரம் லீவு இல்ல" என்றார்.

"சரி, அதுக்கடுத்த வாரம் வாங்க."

நாங்கள் பேசி முடிப்பதற்குள் மகள் ஜன்னலோரம் இடம் பிடிக்க பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.