வாசலில் நின்றது யார்?

பந்தல்குடி பக்கம் நான் பிரசவ நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு நண்பகலில் பாண்டியம்மாளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. நஞ்சுக்கொடியும் முழுதாக விழுந்தது. வழக்கப்படி அவள் தாயார் பழைய சேலையால் மகளின் வயிற்றை இறுக்கிக் கட்டினார். நான் தடுக்கவில்லை. அடித்துணியில் இரத்தம் அதிகமில்லை. நோட்டில் 'நலம்' என்று எழுதினேன்.

சற்று நேரத்தில் பாண்டியம்மாள் அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டாள்.

"வாசல்ல நிக்கிறது யாரு, நர்ஸம்மா? உள்ள வரச் சொல்லுங்க."

வாசலில் வெயில் மட்டுமே இருந்தது.

"காத்து கருப்பா இருக்கும். கதவச் சாத்துறேன்" என்று தாயார் எழுந்தார்.

"சாத்தாதீக, எனக்கு வெளிச்சம் வேணும்" என்றேன். பாண்டியம்மாளின் கை சில்லிட்டிருந்தது, நாடி படபடவென்று ஓடியது. வயிற்றுக் கட்டை அவிழ்த்தேன். பந்துபோல் இறுகியிருக்க வேண்டிய கருப்பை, பிசைந்த மாவாய்க் குழைந்து தொப்புளுக்கு மேலே ஏறியிருந்தது. அழுத்தித் தேய்த்ததும் உள்ளே தேங்கிய இரத்தம் கட்டிகட்டியாக வந்தது. கருப்பை சுருங்க ஊசி போட்டேன், குழாய் விட்டுச் சிறுநீரை எடுத்தேன், பிள்ளையை அவள் மார்பில் சேர்த்தேன். கருப்பை கைக்குள் கெட்டியாகும்வரை தேய்ப்பதை விடவில்லை.

பாண்டியம்மாள் வாசலைப் பார்த்தாள். "அவுக போயிட்டாக" என்றாள்.

இப்போதெல்லாம் நான் யாரையும் உடனே வயிற்றைக் கட்ட விடுவதில்லை. கால் மணிக்கொருமுறை கை வைத்துப் பார்த்த பிறகே நோட்டில் எழுதுகிறேன். வாசலில் யார் என்று பிள்ளை பெற்றவள் கேட்டால், நான் வாசலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. என் கை அவள் வயிற்றுக்குப் போய்விடுகிறது.