பன்னிரண்டு பெட்டிகளும் ஒரு பட்டைச் சந்தனமும்

இந்த ஊரில் குப்பைத் தொட்டிகூட அட்டையைக் காட்டினால்தான் வாயைத் திறக்கிறது. நெதர்லாந்தில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகியும், கையில் மூட்டையோடு தொட்டி முன்னால் நின்று சட்டைப்பையைத் துழாவாத நாள் இல்லை. பேருந்துக்கு ஓர் அட்டை, நூலகத்துக்கு ஓர் அட்டை. துணிக்கடையில் அதுவும் தேவையில்லை. வாங்கியதை ஒரு தொட்டியில் போட்டால், ஒவ்வொரு துணியிலும் ஒளிந்திருக்கும் ரேடியோ டேகை, அலையில் தன் எண்ணைச் சொல்லும் சின்ன வில்லையை, அது தானே படித்து எத்தனை என்று திரையில் காட்டிவிடும்.

போன வாரம் நான் போட்டது நான்கு பனியன். திரை ஐந்து என்றது. எடுத்துவிட்டு மீண்டும் போட்டேன். ஐந்து. உதவிக்கு வந்த பெண்ணிடம் நான்கு விரலைக் காட்டினேன். இன்னும் நான்கு வேண்டும் போலிருக்கிறது என்று அவள் அலமாரிப் பக்கம் நடந்தாள். கூப்பிட்டு நிறுத்தி, ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினேன். கிழவர்களுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பைச் சிரித்து, "மெஷின் தப்புப் பண்ணாது, மெனீர்" என்றாள் ஆங்கிலத்தில். மெனீர் என்றால் இவர்கள் மொழியில் ஐயா. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுக் கோபத்தோடு வெளியே வந்தேன். வீட்டில் மகள் என் ஸ்வெட்டரின் உள்மடிப்பைத் திருப்பிப் பார்த்தாள். அதே கடையில் சென்ற குளிர்காலத்தில் வாங்கியது. டேகை யாரும் வெட்டவில்லை. தொட்டி மேல் குனிந்து நின்ற என்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறது மெஷின்.

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் சொன்ன வாக்கியத்தை அவளுக்கு முன்பே நான் சொல்லியிருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் மேலாளராக இருந்தேன். சரக்குப் பெட்டிகளில் ரேடியோ டேக் ஒட்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் நான்தான். பெட்டிகள் கேட்டைக் கடக்கும்போதே ஆன்டெனா எண்ணிவிடும், பில்லும் தானே அச்சாகும். லாரிகள் காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது, அதில் பொய்யில்லை. அதற்கு முன் எண்ணிக்கொண்டிருந்தவர் லோடிங் மேஸ்திரி முனிரத்தினம். ஐந்து பெட்டிக்கு ஒரு கட்டாக லாரிப் பலகையில் சாக்பீஸ் கோடு போடுவார். என்னைவிட மூத்தவர். ஆனாலும் நான் அவரை 'வாடா போடா' என்றுதான் பேசுவேன்.

ஆயுத பூஜையன்று படையல் முடிந்ததும் ஒரு லாரி கிளம்பியது. மறுநாள் காலை கணினியைப் பார்த்தால் போனது அறுபத்தெட்டு, உள்ளே இருப்பது பன்னிரண்டு. கிடங்கில் தேடினால் அந்தப் பன்னிரண்டும் இல்லை. சரக்கு வாங்கிய தொழிற்சாலையைக் கேட்டேன். எங்கள் பில்லைப் பார்த்தே அவர்களும் அறுபத்தெட்டு என்றார்கள். அங்கேயும் யாரும் எண்ணவில்லை. ஷிப்டு மாறும் நேரம், கேட்டருகே எல்லோர் முன்னிலையிலும் முனிரத்தினத்தை நிறுத்தினேன்.

"எண்ணிக்கினுதான சார் ஏத்துனேன்? எம்பது. லாரி வந்தா கோடு இருக்கும், நீயே பாரு."

"உன் கோட்டைப் பார்க்கவா இவ்வளவு செலவு பண்ணி வச்சிருக்கோம்? மெஷின் பொய் சொல்லாதுடா."

"அப்போ நான் சொல்றனா சார்?"

அன்றே அவரை வெளியே அனுப்பினேன். பேட்டையில் வேறெந்தத் தொழிற்சாலையும் அவரை உள்ளே விடவில்லை.

ஆறாம் நாள் காலிப் பெட்டிகள் திரும்பின. போகவே இல்லை என்ற பன்னிரண்டு எண்களும் உள்ளே வருவதாகத் திரை காட்டியது. நானே போய்ப் பார்த்தேன். பன்னிரண்டிலும் வெள்ளை டேகின் மேல் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பூஜைக்கு முன்வரிசையில் வைத்த பெட்டிகள். பொட்டு வைத்தவருக்கு அந்த டேக்தான் நெற்றி மாதிரி தெரிந்திருக்கிறது. ஈரம் இருந்தவரை ரேடியோ அலை டேகைத் தொடவில்லை, காய்ந்ததும் படித்துவிட்டது. சுற்றிலும் பார்த்தேன், யாரும் இல்லை. பன்னிரண்டையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். இந்த ஏற்பாட்டின் வெற்றியைப் பற்றிய என் அறிக்கை அந்த வாரம்தான் தலைமை அலுவலகம் போக வேண்டியிருந்தது. போயிற்று. பதவி உயர்வும் வந்தது.

துணிக்கடைச் சம்பவத்துக்கு மறுநாள், பழைய ஆள் ஒருவரிடம் எண் வாங்கிக் கூப்பிட்டேன். முனிரத்தினம் இப்போது ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

"யாரு, ஸ்டோர்ஸ் சாரா? இன்னா சார், ஃபாரின்லேர்ந்து? இன்னும் நாலு பொட்டி காணோமா?"

சந்தனத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆட்டோவை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும் சார். அது உனுக்குத் தெரியுமா தெரியாதான்னுதான் இத்தினி வருசமா ரோசன."

"ஆறாம் நாளே தெரியும்."

"அடப்பாவி சார்!" என்றார். பிறகு குரல் இறங்கியது. "இங்க ஸ்டாண்டுல எம் பேரே பன்னெண்டு. 'இன்னா பன்னெண்டு, சவாரி போலாமா'ன்றானுங்க. பொண்ணோட மாமியார் ஊட்ல கூட அதான் பேரு."

மன்னிப்புக் கடிதம் அனுப்புகிறேன், முனிரத்தினம், என்றேன்.

"அத்த நான் மட்டும் பட்ச்சிக்கினு இன்னா பண்றது? ஷிப்டு மொத்தம் நிக்கும்போதுதான என்னைக் கேட்ட? அதே மாரி நாலு பேரு பாக்க சொல்லு. பட்ச்சவன்தான நீ, பத்திரிகைல எழுது. லேமினேட் பண்ணி ஆட்டோவுல என் சீட்டுக்குப் பின்னால ஒட்டிக்கிறேன்."

எழுதிவிட்டேன். அன்று முனிரத்தினம் ஏற்றியது எண்பது பெட்டி. எண்பது. ஆட்டோவின் பின்சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் அவரைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் அந்தத் தாளில் நானும் ஊத்துக்கோட்டைச் சாலைகளில் தினமும் குலுங்கிப் போய்வருவேன். அதே நேரம் இங்கே, குப்பை மூட்டையோடு, திறக்காத தொட்டி முன்னால் நின்று அட்டையைத் தேடிக்கொண்டிருப்பேன்.