அசையாததை வரைதல்

தைல இலை நெருப்பில் விழும்போது முதலில் ஒரு சடசடப்பு. வாசனை அதற்குப் பிறகுதான். பச்சையும் கசப்புமாய் மூக்கின் உள்கூட்டைப் போய்த் தொடும் வாசனை. போன வாரம் இந்தச் சமவெளி நகரத்தில் யாரோ கொசுவுக்காகக் கொளுத்தியிருந்தார்கள். காய்கறிப் பையோடு தெருவில் நின்றுவிட்டேன். கொடைக்கானலில் எங்கள் நாயுடுபுரத்தில் சளிக்கு ஆவி பிடிப்பதும் அந்த இலையில்தான், சாவு விழுந்த வீட்டில் கரியடுப்பில் போட்டுப் புகைப்பதும் அந்த இலையைத்தான். எந்த வீட்டிலிருந்து எதற்காக வருகிறது என்று வாசனையை வைத்துச் சொல்ல முடியாது. கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அழுகைச் சத்தம் கேட்டால் தெரிந்துவிடும்.

கொடைக்கானலில் நான் படித்த பெண்கள் பள்ளியில், நாலாம் பாரத்துக்கு, இப்போதைய ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். கணக்கா, தையலா, டிராயிங்கா? ஒன்றை எடுத்தால் மற்றது இல்லை. நான் டிராயிங் என்றேன். வீட்டில் வந்து சொன்னபோது அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். கிளாவரை மலைக்கிராமத்திலிருந்து குதிரை முதுகில் வந்திறங்கும் உருளைக்கிழங்கையும் பூண்டையும் தரம் பிரித்து மூட்டை கட்டுவது அவர் வேலை. நகத்து இடுக்கில் எப்போதும் மண் இருக்கும்.

"டிராயிங்கா? அதப் படிச்சு என்ன சோலிக்குப் போவ? கணக்கு எடுத்தா டீச்சரம்மாவாவது ஆகலாம்."

"கணக்குப் படிச்சவங்க எல்லாம் என்னத்தக் கிழிச்சுட்டாங்க?" என்று உள்ளேயிருந்து அம்மா சொன்னாள். "போட்டுட்டுப் போகட்டும் விடுங்க."

ஏன் டிராயிங் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். இன்றென்றால் சொல்லுவேன். எங்கள் ஊரில் மத்தியானத்துக்கு மேல் மலை இருக்காது. எதிர்வீடு இருக்காது. குழாயடியிலிருந்து அம்மா பனிமூட்டத்துக்குள்ளே நடந்து வருவாள். குடம் முதலில் வரும், கை வரும், முகம் கடைசியாக வரும். சில நாள் குடம் மட்டும் தனியாக நடந்து வருவது போலிருக்கும். எல்லாம் வந்து வந்து அழிகிற இடத்தில், ஒரு கோடு போட்டால் அது போட்ட இடத்திலேயே கிடந்தது. அவ்வளவுதான் காரணம்.

வகுப்பில் மேசை மேல் ஒரு கூஜா வைப்பார்கள். ஒரு செங்கல். பாதி நறுக்கிய பூசணிக்காய். அசையாததை வரை, அசைகிறதெல்லாம் பிறகு என்பதுதான் பாடம். அசைகிறது வரவேயில்லை. அந்த வருஷம் முழுக்கக் கூஜாவின் வயிற்றில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கை வந்தது. பூசணி விதையின் ஈரத்தைக்கூடக் கொண்டு வந்துவிடுவேன்.

பக்கத்து வீட்டில் மூன்று வயசுப் பெண் குழந்தை காய்ச்சலில் போனது அடுத்த வருஷம் ஆடி மாசத்து மழையில். சீசன் முடிந்ததும் ஸ்டூடியோக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு மதுரைக்கு இறங்கிவிடுவார். குழந்தைக்கு ஒரு போட்டோ கிடையாது. அதன் தாய் எங்கள் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "அவ மூஞ்சி எனக்கு மறந்துரும் மதினி" என்று அம்மாவிடம் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

அப்பாதான் சொன்னார்: "எம் மக டிராயிங் படிக்கிறா."

அந்தக் குரலில் இருந்த பெருமையை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

பாயில் கிடத்தியிருந்தார்கள். நாடியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது, நெற்றியில் ஒட்டிய காசு. கரியடுப்பில் தைல இலை. பென்சிலைத் திருப்பித் திருப்பிச் சீவினேன். அந்த முகம் அசையவில்லை. கூஜாவைப் போல, செங்கல்லைப் போல, எனக்குக் கற்றுத் தந்திருந்த எல்லாவற்றையும் போல. துணியையும் காசையும் விட்டுவிட்டு வரைந்தேன். நன்றாகவே வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

குழந்தையின் அப்பா தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். "கண்ண மட்டும் தெறந்து போட்டுரு தாயி. தூங்குற மாதிரி வேணாம்."

தினமும் பார்த்த குழந்தைதான். ஆனால் அதன் கண் எப்படியிருந்தது? ஓடிக்கொண்டே இருந்த குழந்தை. யோசித்தேன், வரவில்லை. வெளியே குழி தோண்டியாகிவிட்டது, வெரசா, வெரசா என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பார்க்காமலே வரையத் தெரிந்த கண் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சற்றே மேல்நோக்கி இழுத்த கடைக்கண், இடது இமையில் ஒரு மடிப்பு. போட்டுவிட்டேன். அந்தத் தாய் காகிதத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

பிறகு கூப்பிட ஆரம்பித்தார்கள். பேக்கரிக்காரர் மனைவி செத்தபோது. குதிரை ஓட்டுகிறவரின் தம்பி செத்தபோது. பள்ளியிலிருந்து வருவேன், வாசலில் யாராவது குளிரில் கைகட்டி நிற்பார்கள். காகிதத்துக்கு அடியில் வைத்துக்கொள்ள அப்பா என் சிலேட்டுப் பலகையை எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் மூடிய கண், ஒவ்வொரு தடவையும் திறந்து போடச் சொன்னார்கள். இறந்தவர்களை நான் உயிரோடு பார்த்ததேயில்லை, அல்லது பார்த்ததுண்டு, உற்றுப் பார்த்ததில்லை. என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன்.

சுடுகாட்டுப் பாதையில் விறகுக்கடை வைத்திருந்த கிழவர் செத்தபோதுதான் வெளிப்பட்டது. படத்தைப் பார்த்து அவருடைய கொழுந்தியாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "கெழவனுக்கு எதுக்குடி கல்யாணப் பொண்ணு கண்ணு?" சாவு வீடே ஒரு கணம் சிரித்தது. பிறகு இன்னொருத்தி கிட்டே வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. "இது இவ அம்மா கண்ணுல்ல?" என்றாள். குழந்தை வீட்டுப் படத்தை எடுத்து வந்தார்கள். பேக்கரி வீட்டுப் படத்தையும் எடுத்து வந்தார்கள். பாயில் கிழவர் கிடக்க, படங்களை வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். எல்லாவற்றிலிருந்தும் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். "அப்ப வீட்டுக்கு வீடு மாலையப் போட்டுக்கிட்டு நான்தான் முழிச்சுப் பாத்துட்டு இருக்கேனாக்கும்!" சிரிப்பு இருமலாக மாறியது. நிற்கவில்லை. முந்தானையில் துடைத்து முந்தானையை மடித்துக்கொண்டாள். மடித்ததற்குள் என்ன என்று எனக்குத் தெரியும்.

படமும் இருமலும் எந்த நாளில் வந்தன என்று பார்த்தால், இருமல்தான் முந்தி. குழந்தை சாவதற்கு முன்பே அவள் ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் யார் அப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள்? செத்தவங்களுக்கு உசுரோட இருக்கவ கண்ணத் தூக்கிக் குடுத்தா அவ எப்படித் தங்குவா என்று குழாயடியில் பேசினார்கள். குழந்தை வீட்டுத் தாய் படத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். என்னைப் பார்க்காமல் தந்தாள். அதைக் கொடுத்த பிறகு அவளுக்குக் குழந்தையின் முகம் எங்கேயிருந்து வந்ததோ. காய்ச்சலில் படுத்தவர்கள் வீட்டுப் பக்கம் நான் போனால் கதவு சாத்தினார்கள்.

அப்பா கத்தவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மூட்டை தைக்கும் ஊசியைக் கூரையில் செருகிவிட்டு உட்கார்ந்தார்.

"நான் இதையெல்லாம் நம்பல தாயி. ஆனா ஒங்கம்மா கெடக்கிற கெடையப் பாரு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நம்பாம இருக்க என்னால முடியுமா? ஒன் மூஞ்சியப் பாக்கணும்ல நான்?"

மலைக்குக் கீழே கன்னிவாடியில் அத்தை வீடு இருந்தது. அங்கே பள்ளிக்கூடமும் இருந்தது. டிராயிங் மட்டும் இல்லை. கணக்கில் சேர்ப்பதாக அத்தை சொல்லியனுப்பியிருந்தாள். நான் போகமாட்டேன் என்றேன். இனிமேல் ஆளை வரையவே மாட்டேன், கூஜா மட்டும் வரைகிறேன் என்றேன். அப்பா என் பென்சில்களைப் பூண்டு மூட்டைக்குள் போட்டுத் தைத்துவிட்டார். அது எந்த ஊர்ச் சந்தைக்குப் போனதோ.

கிளம்பிய காலை வெள்ளனேயே மூட்டம். வர வேண்டாம் என்று அப்பா எவ்வளவோ சொல்லியும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அம்மா பஸ் நிற்குமிடம்வரை வந்தாள். வழியில் அடிக்கடி நின்றாள். அப்பா தகரப்பெட்டியோடு பஸ் மேலே ஏறிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்க்கப் பயமாயிருந்தது. பார்த்தால் கை தன்னால் கோடு தேடும், கோடு போட்டால் அவள் அசையாமல் ஆகிவிடுவாள் என்று அந்த வயசில் நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். தைக்கு முன்னால் அம்மா போய்விட்டாள் என்று தந்தி வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். மழையில் பாதை அடைபட்டிருந்தது, ஸ்டூடியோக்காரர் ஊரில் இல்லை. வேறு யாரும் வரையவில்லை. இன்று என்னிடம் அவளுடைய கண் இருக்கிறது. மூக்கு எப்படி, வாய் எப்படி என்று கேட்டால் வார்த்தையில் சொல்லுவேன், என் தொழில் இப்போது அதுதான். வார்த்தையில் முகம் வருவதில்லை.

அந்தக் காலையில் பஸ் உறுமியது. ஜன்னல் கம்பியை அவள் பிடித்தாள். விரல் நுனியில் தைல வாசனை.

"இங்க பாரு," என்றாள். நான் பார்க்கவில்லை.

"ஊரு பூராவும் எங் கண்ணப் போட்டுட்ட. மிச்ச மூஞ்சிய எப்ப தாயி போடப்போற?"