தொட்டில் பக்கத்து மணிபிளான்ட்

புது டெல்லி ரயில் நிலையத்தில் நான் இறங்கியபோது காலை பத்தரை. ஆறரைக்கு வர வேண்டிய வண்டியைப் பனிமூட்டம் வழியெல்லாம் நிறுத்தி வைத்து விளையாடியிருந்தது. கையில் இரண்டு பைகள். ஒன்றில் என் துணிமணி. இன்னொன்றில் தாய்மாமன் சீர்: வெள்ளிக் கொலுசு, பருத்திச் சட்டைகள், மதுரை கீழமாசி வீதியில் முகர்ந்து பார்த்து வாங்கிய ஒரு கிலோ சாம்பிராணி. சட்டைப் பையில் ஒரு வாரம் கழித்துத் திரும்புவதற்கான டிக்கெட். எனக்கும் என் தங்கை மலருக்கும்.

மலருக்குத் தலைப்பிரசவம். குறைமாதத்தில் வலி வந்ததால் ஊருக்கு வர முடியாமல் டெல்லியிலேயே பெண் குழந்தை பிறந்தது. இப்போது இரண்டு மாதம். "பாப்பா மூச்சு விடுறப்ப கர்கர்னு சத்தம் வருதுண்ணே" என்று போனில் அழுதாள். எல்லாம் டெல்லிக் காற்று செய்கிற வேலை, தாயையும் பிள்ளையையும் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று முடிவு கட்டித்தான் கிளம்பினேன். மாப்பிள்ளை சுந்தர் மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் தனியாகக் கிடந்தால் கிடக்கட்டும்.

அவர்கள் வீடு இருக்கும் ஆர்.கே.புரம் பதிமூன்று கிலோமீட்டர். நானூறு கேட்ட ஆட்டோக்காரர் முந்நூறுக்கு இறங்கி வந்தார். கழுத்துத் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, "ஹவா கராப் ஹை, சாப்" என்றார். காற்று கெட்டுவிட்டதாம். அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. என் முடிவு எவ்வளவு சரி என்று வழி நெடுக என்னையே மெச்சிக்கொண்டேன்.

குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடி வீடு. "வாங்க மச்சான், ஜல்தி உள்ள வாங்க, கதவ மூடணும்" என்று சுந்தர் என்னை இழுக்காத குறை. ஜன்னல் இடுக்குகளிலெல்லாம் பழுப்பு டேப் ஒட்டியிருந்தார். "ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது" என்று பெருமை வேறு. உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் மதுரைக்கே திரும்பிவிட்டது போலிருந்தது.

தொட்டில் பக்கத்தில் தூசி படிந்த ஒரு மணிபிளான்ட். துண்டை எடுத்துத் துடைக்கப் போனேன். "அண்ணே, தொடாத!" என்று மலர் கத்தினாள். அது ஜெயந்தியின் செடியாம். ஜெயந்தி திருநெல்வேலிப் பெண். பக்கத்து முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி ஆராய்ச்சி செய்கிறவள். கைக்குழந்தை உள்ள வீடுகளில் தொட்டிலருகே ஒன்று, பால்கனியில் ஒன்று என்று செடி வைக்கிறாள். வாரம் ஒருமுறை வந்து இலையைப் பறித்துக் கழுவி, அந்தத் தண்ணீரை வெள்ளைத் தாளில் வடிகட்டுவாள். தாளில் நிற்கும் கறைதான் குழந்தை மூச்சிழுக்கும் காற்றின் லட்சணம். குழந்தையின் மூச்சு எப்படி இருக்கிறது என்பதையும் கூடவே குறித்துக்கொள்வாள்.

மறுநாள் காலை அவள் வந்தாள். பால்கனித் தாள் மட்டும் கறுக்கட்டும், டிக்கெட்டை எடுத்து மாப்பிள்ளை முகத்துக்கு நேரே நீட்டுகிறேன் என்று காத்திருந்தேன். பால்கனித் தாளில் சாம்பல் நிறம். தொட்டிலருகே இருந்த செடியின் தாளோ அடுப்புக்கரி.

"என்ன அண்ணாச்சி இது, இந்த வாரமும் ரோட்டுச் செடிய விட வீட்டுச் செடி கருத்துக் கெடக்கு? உள்ள எதையும் எரிக்கியளா?" என்றாள்.

"எதுவும் எரிக்கிறதில்ல மேடம். கேஸ் அடுப்புதான், அதுக்கும் ஃபேன் ஓடுது" என்றார் சுந்தர். சொன்னபோது அவர் கையில் சாம்பிராணிக் கரண்டி. சொல்லி முடித்துவிட்டு, கங்கு கனிய ஊ ஊவென்று ஊதவும் செய்தார்.

ஜெயந்தி கரண்டியையே பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். பொய் சொல்லவில்லை மனிதர். சாம்பிராணியை யாராவது எரிப்பது என்று நினைப்போமா? அது குழந்தைக்குக் காட்டுவது.

"சளி கட்டக் கூடாதுன்னு மூணு வேளையும் போட்டேனே" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, நாங்கள்லாம் இந்தப் புகையில வளந்தவங்கதான்."

"உங்க வீட்ல ஜன்னல் தொறந்து கெடந்திருக்கும், அண்ணாச்சி. இங்க டேப்பு ஒட்டில்லா வச்சிருக்கிய? செடி சாட்சிதான் சொல்லும். டாக்டர்ட்ட கேளுங்க" என்றவள், இலைகளை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனாள். இனி படிகிறது புதுக் கணக்கு.

அன்று மாலையே டாக்டரிடம் போனோம். அவரும் எந்தப் புகையும் வேண்டாம், மதியம் வெளிக்காற்று கொஞ்சம் தெளியும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். சுந்தர் டேப்பை உரித்தார். கரண்டி பரணுக்குப் போனது. நான்காம் நாள் காலை மலர் என் கையைப் பிடித்துத் தொட்டிலுக்கு இழுத்துப்போனாள். "காத வச்சுக் கேளுண்ணே!" குனிந்து கேட்டேன். கர்கர் இல்லை. அண்ணனும் தங்கையும் பைத்தியம் போல் சிரித்தோம்.

நான் கிளம்பும் நாளன்று ஜெயந்தி மறுபடி வந்தாள். பால்கனித் தாள் அதே சாம்பல்தான்; டெல்லி திருந்தவில்லை. தொட்டில் செடியின் தாள் கிட்டத்தட்ட வெள்ளை. "தமிழ் வீட்டுச் செடி மட்டும் ஏன் கருக்குன்னு மண்டைய ஒடச்சிட்டுக் கெடந்தேன் அண்ணாச்சி!" என்று அவள் குதித்தாள். அன்றே தான் செடி வைத்திருந்த மற்ற தமிழ் வீடுகளுக்கும் சொல்ல ஓடினாள். சுந்தர் அந்தத் தாளைப் பட்டம் வாங்கியவர் மாதிரி தூக்கிக்கொண்டு மாடி மாடியாகக் காட்டிவிட்டு வந்தார்.

மலரின் டிக்கெட்டை நானே ரத்து செய்தேன்.

எங்கள் ஊர்க் காற்று சுத்தம் என்று வந்த நாளிலிருந்து பீற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் மதுரையில் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, கொசுவத்தி ஏற்றி வைத்துத் தூங்குகிறவன் நான். ஜெயந்தியிடம் வெட்கத்தை விட்டு ஒரு மணிபிளான்ட் கிளை கேட்டேன். தண்ணீர் பாட்டிலில் போட்டுக் கொடுத்தாள்.

வாசலில் குழந்தையை வாங்கி, அதன் முதுகில் ஒருமுறை காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. ஒரு காரியத்தில் தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. கொலுசு பாப்பாவின் காலில் இருந்தது. சாம்பிராணி மட்டும், கட்டுப் பிரிக்காமல், என்னோடு ரயில் ஏறியது.