சும்மா சுற்றும்போதே திணறிய மில்லிங் மெஷின்

எங்கள் பட்டறைக்குப் புதிதாக வந்த சிஎன்சி மில்லிங் மெஷின் இன்று காலை என்னைப் பட்டறையிலேயே ஜெபிக்க வைத்துவிட்டது.

இரும்பை வெட்டவே இல்லை. சும்மா சுற்றும்போதே, வெட்டும் கருவியைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் லோடு திரையில் சிவப்பைத் தொட்டது.

"ஏளா, பேரிங் போயிட்டுன்னா ஸ்பிண்டிலையே கழட்டிக் கோயம்புத்தூருக்கு அனுப்பணும். எடுத்த வேலையெல்லாம் நின்னு போகும்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மெஷின் விற்ற கம்பெனியின் டெக்னீஷியனை வீடியோ காலில் பிடித்தோம். போனைக் காட்டிக்கொண்டு நின்றது நான். வாய் மட்டும் "ஆண்டவரே, ஆண்டவரே" என்றபடி இருந்தது.

"கரண்ட்டை ஆஃப் பண்ணிட்டு ஸ்பிண்டிலைக் கையால சுத்துங்கண்ணா."

அசையவே யோசித்தது.

"இப்ப மோட்டார் பெல்ட்டைக் கழட்டிட்டுச் சுத்துங்க."

பூப்போலச் சுற்றியது.

"பேரிங் நல்லா இருக்குதுங்க. பெல்ட்தான் ரொம்ப டைட். யாராச்சும் கை வச்சீங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நானா வைத்தேன்?

"லூசா தெரிஞ்சுது தம்பி, நான்தான் கொஞ்சம் இழுத்து வச்சேன். இத்தன வருசமா போட் இன்ஜின்தான பாத்தேன்? அதுல லூசா விட்டா நடுக்கடல்ல நிக்கணும்லா."

"இது கடலுக்குப் போகாதுங்கண்ணா."

டெக்னீஷியன் சொன்ன அளவுக்குத் தளர்த்தி மாட்டியதும் லோடு இறங்கிவிட்டது. ஸ்தோத்திரம்! எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

வீட்டில் இவர் மூடிய ஊறுகாய் பாட்டிலை இவரே வந்துதான் திறக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டா, இல்லை இந்தப் பாக்கியம் எனக்கு மட்டும்தானா?