மாம்பழத்தை முந்திய பெருக்கல்

சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலையில் எங்கள் கேமரா முதல் நாள் அடித்த கூத்தை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. அன்று அழுகைதான் வந்தது. நாங்கள் பழப் படங்களைக் காட்டிக் காட்டிப் பழக்கிய மென்பொருள் அது. ஓடும் பட்டையில் அழுகல் பழம் வந்தால் கண்டுபிடித்து, ஒரு தட்டால் தள்ளிவிட வேண்டும். அதுவோ யோசித்து முடிப்பதற்குள் அழுகல் ஜம்மென்று கடந்து போனது. பின்னால் வந்த நல்ல பழம் உதை வாங்கியது.

“இன்னாம்மா உங்க மிஷினு, கெட்டத வுட்டுட்டு நல்லத ஒதைக்குது?” என்ற ஆலைக்காரர், போனால் போகிறதென்று வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்புத் தந்தார்.

எங்கள் முதலாளி அவ்வளவு நல்லவர் இல்லை. அன்றும் சொதப்பினால் திருப்பதி அலுவலகத்தை மூடிவிட்டு என்னைப் பெங்களூருக்கு அனுப்பிவிடுவாராம். எனக்குச் சித்தூரில் வீடு, கணவர், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவாக இருக்க என்னால் ஆகாது. அந்த மென்பொருளை ஓட்ட ஆலையில் வைத்திருந்த சின்னக் கம்ப்யூட்டரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் திருப்பதி ரயிலில், பாகாலாவில் ஏறும் என்னோடு வேலை பார்க்கும் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். புரோகிராமை எழுதியது நாங்கள் இருவரும்தான். பழத்தின் படத்தை எண்களாக்கி, அவற்றை ஆயிரம் வரிசை, ஆயிரம் பத்தி உள்ள எண் கட்டத்தோடு பெருக்கினால் அழுகலா நல்லதா என்ற விடை வரும். அது சின்னக் கம்ப்யூட்டருக்குக் கனம் என்று, பத்தே அகலமுள்ள இரண்டு ஒல்லிக் கட்டங்களாகப் பிரித்திருந்தோம். அதில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை வேறு.

திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“அய்யோ அக்கா! ஒவ்வொரு பழத்துக்கும் ரெண்டு ஒல்லியையும் மொதல்ல பெருக்கிக்கினு கீறோம். திரும்ப அதே குண்டுக் கட்டந்தானே வருது!”

ஒல்லி இரண்டையும் பெருக்கினால் ஒரு கோடிப் பெருக்கல். பழத்தின் எண்களை முதலில் ஓர் ஒல்லியோடும், வந்ததை அடுத்ததோடும் பெருக்கினால் இருபதாயிரம் போதும். விடை ஒன்றேதான். புரோகிராமில் அடைப்புக்குறியை இடம் மாற்றினோம், தீர்ந்தது. பாவம், அந்தக் கம்ப்யூட்டரைப் போய்த் திட்டினேனே! நாங்கள் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை முதல் அழுகல் வந்தது. தட்டு அதைத்தான் தள்ளியது. ஆலைக்காரர் விடுவாரா? “ஸ்பீடு ஏத்துப்பா!” என்றார். ஏற்றினார்கள். ஒன்றும் தப்பவில்லை.

“பர்வாலேதும்மா,” என்று தெலுங்கில் மெச்சினார். “சீசன் பூரா இங்கியே ஓடட்டும்!”

முதலாளியும் போனில் பெங்களூர்ப் பேச்சைக் கைவிட்டார். உடனே வீட்டுக்கு அடித்தேன். மகள்தான் எடுத்தாள்.

“பெங்களூரு போவலியாம்மா?”

“போவலடி கண்ணு.”

“அப்போ நைனாவ ஜடை போடக் கத்துக்க வேணாம்னு சொல்லு. டெய்லி இழுத்து இழுத்து, தலை வலிக்குது.”