குணாளன் செய்த பழைய கிட்டார்

என் தம்பி குணாளனுக்கு நாற்பத்தொரு வயது. பட்டர்வொர்த்தில் ஒரு கார் பெயிண்ட் பட்டறையில் பதினேழு வருடமாக வேலை செய்கிறான். நசுங்கிய கார்களைப் புதிதுபோல் ஆக்கித் தருவது அவன் தொழில். அவன் பெயிண்ட் அடித்த கதவையும் கம்பெனியில் அடித்த கதவையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் முதலாளிக்கே அடையாளம் தெரியாது. அக்கா என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகப் பூதக்கண்ணாடி வழியே பிழை பார்க்கிறவள் நான். படிப்பு மூன்றாம் படிவம்தான், ஒன்பது வருடப் பள்ளி, ஆனால் பிழை என் கண்ணுக்குத் தப்பாது. தப்பாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குணா கிட்டார் பழுது பார்ப்பான். சூலியா தெருவில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் அலாவுதீன் அண்ணன் கொடுக்கும் வேலைகள். ஒன்றரை வருடத்துக்கு முன் அப்படித்தான் சிவகுருநாதன் அங்கிளின் எலக்ட்ரிக் கிட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தது. அங்கிள் கிராணியாக, அதாவது அலுவலகக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர், இளமையில் ஹோட்டல் பேண்டுகளில் வாசித்தவர். 1964-இல் அமெரிக்காவில் செய்த அந்தக் கிட்டாரை ஒரு மாலுமியிடம் வாங்கியிருந்தார். வெளிர்நீலமாக இருந்தது, மேல்பூச்சு மஞ்சளாகிக் குளத்துத் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. வலது கை உரசும் இடத்தில் மரம் தெரிந்தது. பின்பக்கம் பெல்ட் கீறல்கள். தலைப்பக்கம் ஒரு சிகரெட் சுட்ட வடு.

உள்ளே ஒரு ஒயர் அறுந்திருந்தது. பத்து நிமிட வேலை. குணா அதை நான்கு நாள் வைத்திருந்துதான் திருப்பிக் கொடுத்தான். கழற்றினான், அளந்தான், கைப்பேசியில் நூற்று நாற்பது படம் எடுத்தான்.

“அவர்கிட்ட கேட்டியாடா?” என்றேன்.

“கேட்டா ருசி போயிடும் அக்கா. இதே மாதிரி ஒண்ணு செஞ்சு, ரெண்டையும் அவர் முன்னால வைக்கணும். எது உங்களோடதுன்னு கேக்கணும். அவருக்கே தெரியக்கூடாது. அதுதான்லா எனக்குப் பரீட்சை.”

இந்த விஷயத்தில் அவன் செய்த ஒரே தப்பு, அவரிடம் கேட்காததுதான். நானும் வற்புறுத்தவில்லை.

செய்து முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. இடித்த கடைவீடு ஒன்றின் பலகையை வாங்கிவந்து அறுத்தான். எடை ஒத்துவர வேண்டும் என்று சந்தையில் மீரா சாகிப் அண்ணனின் மீன் தராசில் நாலு தடவை நிறுத்து, நாலு தடவை செதுக்கினான். மேல்பூச்சில் முடிபோல விரிசல் விழ வேண்டுமானால், நன்றாகக் குளிரவைத்து உடனே சூடுகாட்ட வேண்டுமாம். எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் கிட்டார் நுழையாது. அதையும் மீரா சாகிப் அண்ணனின் மீன் பெட்டிக்குத்தான் தூக்கிப் போனோம்.

“ஏம்ப்பா குணா, இது என்ன மீனு? முள்ளு இவ்ளோ நீளமா இருக்கு!”

“அமெரிக்கா மீன் அண்ணே. அரை மணி நேரம் வைங்க, போதும்.”

“நாறுச்சுன்னா என்னைக் கேக்காதேலா.”

இரண்டு வாரம் நாறியது.

திருகாணிகளைப் புளிக்காடியில் போட்டுத் துருவேற்றினான். வெள்ளைப் பிளாஸ்டிக் பாகங்களைக் பால் சேர்க்காத கெட்டித் தேநீரில், தே-ஓவில், ஊறவைத்து மஞ்சளாக்கினான். சிகரெட் வடுவுக்காக ஒரு பாக்கெட் வாங்கினான். வாழ்நாளில் புகை பிடிக்காதவன், இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வர, மூன்று மரத்துண்டுகளில் சுட்டுப் பழகிவிட்டுத்தான் கிட்டாரில் கை வைத்தான். அசலில் கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்கு உள்ளே, யாரும் பார்க்காத மூலையில், பென்சிலால் ஒரு தேதி இருந்தது. அதையும் அதே கையெழுத்தில் எழுதினான்.

“அங்கயாவது உன் பேரைப் போடேன்டா.”

“என் பேரைப் போட்டா அது காப்பி இல்லக்கா.”

கழுத்தின் பின்பக்கத்தைத் தேய்க்கும் வேலை எனக்கு வந்தது. அவன் கை தின்னர் பட்டு வெடித்த கை, மரத்தைக் கீறிவிடும். என் கையோ வேலையில் எப்போதும் உறைக்குள் இருப்பது. முதலில் மெல்லிய உப்புத்தாள், பிறகு வெறும் கை. வியர்வை பட்டால்தான் அந்த வழவழப்பு வரும் என்றான். வேலை முடிந்து வந்து, தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து தினம் ஒரு மணி நேரம் தேய்த்தேன். தொண்ணூற்றேழு நாள். படங்களை அச்செடுத்து, எண் போட்டு, ஒவ்வொரு கீறலையும் பூதக்கண்ணாடியில் ஒப்பிட்டேன். கடைசியில் ஒரு பிழைகூட இல்லை.

இந்த வருடம் தைப்பூசத்தன்று, சிவகுருநாதன் அங்கிள் குடும்பத்தோடு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போயிருந்தபோது யாரோ வீட்டை உடைத்துவிட்டார்கள். நகையோடு கிட்டாரும் போய்விட்டது. இது எங்களுக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து குணா தான் செய்ததை அலாவுதீன் அண்ணனிடம் காட்டக் கொண்டுபோய், கம்பி மாட்டுவதற்காகக் கடையிலேயே விட்டுவந்தான். அன்று மாலை அங்கிள் அந்தக் கடைக்கு வந்தார், களவு போனது விற்பனைக்கு வந்தால் சொல்லும்படி கேட்பதற்காக. சுவரில் அது தொங்கியது. அலாவுதீன் அண்ணன் என்ன சொல்லியும் அவர் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதாராம், பிறகு நேராகப் போலீஸுக்குப் போனாராம்.

மறுநாள் காலை பட்டறையில், எல்லார் முன்னாலும், குணாவைக் கைவிலங்கு போட்டுக் கூட்டிப்போனார்கள். மாஜிஸ்திரேட் நான்கு நாள் தடுப்புக் காவல் கொடுத்தார். நான்காம் நாள் குற்றம் சாட்டப்படும் என்றார்கள். குற்றம் சாட்டினால் திரும்பி வராதே என்று முதலாளி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். குணா பத்தொன்பது வயதில் கூட்டாளி ஒருவன் திருடிய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போய் மாட்டியவன். அதன் பிறகு இந்த இருபத்திரண்டு வருடத்தில் அடுத்தவர் பொருளைத் தொட்டதில்லை. அந்தப் பழைய தாள் மட்டும் இன்னும் கோப்பில் இருந்தது.

விசாரணை அதிகாரி இன்ஸ்பெக்டர் ஷாருல் நல்ல மனிதர். என்னைக் ‘காக்’ என்று, மலாயில் அக்கா என்று, அழைத்துத்தான் பேசினார். செய்யும்போது எடுத்த படங்களைக் காட்டினேன்.

“இவன் ஒன்று செய்தான் என்று நம்புகிறேன், காக். செய்தது எங்கே? இது தன்னுடையது என்று உரிமையாளர் சொல்கிறாரே.”

“இதுதான் சார் அவன் செய்தது.”

“அசலை நூற்று நாற்பது படம் எடுத்திருக்கிறான், உரிமையாளரிடம் கேட்காமல். ஒவ்வொரு கீறலும் இதோடு ஒத்துப்போகிறது. நீங்களே எண் போட்டு வைத்திருக்கிறீர்கள்.”

கழுத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்ல வாயெடுத்தேன். உள்ளே இருக்கும் பென்சில் தேதி நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். கோலாலம்பூருக்கு அனுப்பி மரத்தைச் சோதிக்கலாம், மாதக்கணக்கில் ஆகும் என்றார். பெருமைப்பட்டு நான் எண் போட்டு வைத்த ஒவ்வொரு படமும் என் தம்பியை உள்ளே தள்ளியது. அன்று பேருந்தில் வரும்போது, ஒரு கீறலையாவது தப்பாகப் போட்டிருக்கக்கூடாதா என்று அவனை மனதுக்குள் திட்டினேன்.

மூன்றாம் நாள் மாலை ஆயர் ஈத்தாமில் அங்கிள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மகள் துஷ்யந்தி, நான் யார் என்று சொன்னதும் கம்பிக் கதவைத் திறக்காமலே நின்றாள்.

“போலீஸ்ல சைன் வச்சாச்சு. இனிமே மாத்திப் பேசினா அப்பா பொய் சொன்னாருன்னு ஆகும். நீங்க லாயரைப் பாருங்க, இங்க வராதீங்க.”

“பேசவேணாம். ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன்.”

உள்ளேயிருந்து அங்கிளின் குரல் வந்தது. “விடு பிள்ளை. வரட்டும்.”

அவர் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் கிட்டார் நிறுத்தும் இரும்புத் தாங்கி காலியாக நின்றது.

“அங்கிள், கடையில அதைக் கையில எடுத்தீங்களா?”

இல்லை என்று தலையை ஆட்டினார்.

“போலீஸ்ல எடுத்தீங்களா?”

“பிளாஸ்டிக் பைக்குள்ள கிடந்தது. கண்ணால பார்த்தன். என்ர தான்.”

“கையில எடுக்கலியே.”

கையை நீட்டிக் காலித் தாங்கியைத் தொட்டார். “எடுக்கப் பயமாக் கிடந்தது, பிள்ளை” என்றார்.

எனக்குப் புரிந்தது. அது அவருடையது இல்லையென்றால், அவருடையது எங்கேயும் இல்லை. அந்த வயதில் ஒரு மனிதரிடம் போய் நான் இதைக் கேட்கலாமா? ஆனால் என் தம்பி உள்ளே இருந்தான்.

“ஒரு தடவை மடியில வச்சுப் பாருங்க அங்கிள். உங்களோடதுன்னு கை சொல்லிச்சுன்னா நான் தலைகுனிஞ்சு போயிடறேன். எங்க அப்பா அம்மா மேல சத்தியம், திரும்ப இந்த வாசலுக்கு வரமாட்டேன்.”

“போதும் அக்கா, கிளம்புங்க” என்றாள் துஷ்யந்தி. அங்கிள் போலீஸ் நிலையத்துக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை ஏழரைக்கே நிலையத்தில் உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்குக் குணாவை நீதிமன்றத்துக்கு ஏற்றுவார்கள். ஒன்பது பத்துக்கு அங்கிள், மகளின் தோளைப் பிடித்தபடி வந்தார். கிட்டாரைக் கையில் பார்க்க வேண்டும் என்று அவரே இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். ஷாருல் சற்று யோசித்துவிட்டுப் பையைப் பிரித்தார். கையுறை கொடுத்தார்.

“உறையைப் போட்டுக்கொண்டு என்னத்தைப் பிடிக்கிறது?” என்று அங்கிள் அதைத் தள்ளிவைத்தார்.

மடியில் வைத்ததும் வலது முழங்கை, பெயிண்ட் தேய்ந்திருந்த இடத்தில் சரியாகப் போய் அமர்ந்தது. அவர் முகம் மலர்ந்தது. குணா அந்த இடத்தை மூன்று தடவை அழித்து அழித்துச் செய்தவன்.

பிறகு இடது கை கழுத்தைச் சுற்றியது. கட்டைவிரல் பின்னால் போய் நின்றது. கொஞ்சம் மேலே போனது, கீழே வந்தது, திரும்ப மேலே போனது. எதையோ தேடுவதுபோல் இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

“இதை ஆர் தேய்ச்சது?”

“நான்தான் அங்கிள்.”

“எப்படிப் பிடிச்சுத் தேய்ச்சனீர்? காட்டும்.”

மேசையில் இருந்த நீள அளவுகோலை எடுத்து, தொலைக்காட்சி முன்னால் செய்ததுபோலவே உள்ளங்கையால் பிடித்து மேலும் கீழும் உருவிக் காட்டினேன்.

“விளக்குமாத்துக் கட்டை மாதிரி” என்றார். சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. “என்ரயில் பெருவிரலுக்கு மூண்டு குழி கிடக்கு. ஐம்பது வருஷத்துக்கு மேல அந்த மூண்டு இடத்தில்தான் என்ர விரல் நிண்டது. இதில குழியே இல்லை, ஒரே சீரா வழுவழு எண்டு கிடக்கு. இதைத் தேய்ச்சது வாசிச்ச கை இல்லை.”

அதை ஷாருலிடம் ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னார். ஷாருல் என் படக்கட்டைக் கேட்டார். அறுபத்தொன்றாம் எண், அசலின் கழுத்தைப் பக்கவாட்டில் எடுத்தது. அதில் மூன்று மங்கலான நிழல்கள் இருந்தன. நான் அவற்றைக் கை அழுக்கு என்று நினைத்திருந்தேன். ஷாருல் கிட்டாரை ஜன்னல் வெளிச்சத்தில் அதேபோல் பிடித்துப் பார்த்தார். நிழல் எதுவும் விழவில்லை.

அங்கிள் தன் பழைய வாக்குமூலத்தைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். மகள் தாளை நகராமல் பிடித்துக்கொண்டாள்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் குணா வெளியே வந்தான். இடுப்பில் பெல்ட் இல்லாமல் கால்சட்டையைக் கையால் பிடித்திருந்தான். நான்கு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“கண்டுபிடிச்சிட்டாரா அக்கா?”

“ஆமாடா.”

“எதுல?”

“கழுத்துல. என் கை.”

அவன் என் கையைப் பார்த்தான். நிலையத்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதான். விட்டுவிட்டார்கள் என்பதற்காகவா, பரீட்சையில் தோற்றதற்காகவா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அங்கிள் இன்னும் போகவில்லை. வாசல் மரத்தடியில் கார் வருவதற்குக் காத்திருந்தார். குணா எழுந்து அவரிடம் போனான்.

“மன்னிச்சிருங்க அங்கிள். உங்ககிட்ட கேக்காம செஞ்சிட்டேன்.”

அவர் அவன் தோளில் கைவைத்தார். “நீர் எடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும், தம்பி. எடுத்தவன் நீர் எண்டா இண்டைக்கு அது எனக்குத் திரும்பக் கிடைச்சிருக்கும்.”

முதலாளி குணாவை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஏழு வாரம் கழித்துக் கிட்டாரும் வீட்டுக்கு வந்தது. போலீஸ் கட்டிய வெள்ளைச் சீட்டோடு அப்படியே அலமாரிக்கு மேல் கிடக்கிறது. அசல் இன்னும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் குணா இப்போது பழுது வேலை எடுப்பதில்லை. அறுபத்தொன்றாம் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். புக்கிட் மெர்தாஜம், சுங்கை பட்டாணி, ஈப்போ என்று பழைய பொருள் விற்கும் கடை, அடகுக்கடை எல்லாம் ஏறி இறங்குகிறான். எந்தக் கிட்டாரைக் கொடுத்தாலும் நிறத்தைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக் கழுத்தின் பின்னால் கட்டைவிரலை வைத்துப் பார்க்கிறான். இதுவரை பதினொரு ஞாயிறு.

வீடு திரும்பப் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறியதும் என்னைக் கூப்பிட்டு, “இல்லக்கா” என்பான். ஆயர் ஈத்தாமில் அங்கிள் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். அதை அவரிடம் நான் சொல்லியாக வேண்டும்.